தறி யாருடையது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்)

இலக்கணத்தைப் பற்றி, அதுவும் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி, வேதியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன் எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆங்கிலம் கற்பிக்கும் பேராசிரியப் பெருமக்கள் இருக்க, பிழை செய்தவனே பிழையைப் பற்றி எழுத முன்வருவது சற்று அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் தேள் கொட்டியவனுக்குத்தானே எங்கே கடுக்கிறது என்று தெரியும்!

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் பார்த்துத் தாண்டிப் போகாமல் வாய்விட்டுப் படித்தால் பிழை காதிலேயே இடறும் என்பது என் அனுபவம்.

எங்கள் வீட்டில் இரண்டு விசைத்தறிகள் இருக்கின்றன. என் தந்தை லுங்கி நெய்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எங்கள் தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் நாலு வரி வேண்டுமானாலும் தாளும் பேனாவும் என்னிடம்தான் வரும். எழுதிக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகைக்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு தறியின் மோட்டார் எரிந்துபோயிற்று. தேய்ந்துபோன சில பாகங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. வங்கியில் கடன் கேட்கலாம் என்று முடிவாயிற்று. மேலாளர் வடநாட்டவர், தமிழ் அறியாதவர். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வரும்படி சொன்னார்கள். வீட்டில்தான் ஒரு பி.எஸ்ஸி. இருக்கிறானே! இரவு பதினொரு மணி வரை விழித்திருந்து ஒரு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் இது:

"மை ஃபாதர் செட் தட் ஐ ஹேவ் டூ பவர்லூம்ஸ் அண்ட் ஹிஸ் மோட்டார் இஸ் பர்ன்ட்."

மறுநாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. தறிகள் மகனுடையவை என்று எழுதியிருக்கிறதே, அப்படியானால் மகனே அல்லவா விண்ணப்பிக்க வேண்டும், மோட்டார் மட்டும் தந்தையுடையதா என்று கேட்டார்களாம். தந்தை வீட்டுக்கு வந்து, "தறி உன்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டியாமேடா?" என்றார். கோபித்துக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தத் தறி பன்னிரண்டு நாள் ஓடாமல் நின்றது.

அந்த வாக்கியத்தை எத்தனையோ முறை படித்துப் பார்த்துவிட்டேன். அதில் எனக்குப் பொருள் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. 'ஐ ஹேவ் டூ பவர்லூம்ஸ்' என்பதும் சரியான ஆங்கிலம். 'ஹிஸ் மோட்டார்' என்பதும் சரியான ஆங்கிலம். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொரு துண்டும் சரி. துண்டுகள்தாம் ஒன்றோடொன்று சேரவில்லை. பாதி வாக்கியத்தில் தந்தை 'நான்' ஆகிறார், மீதிப் பாதியில் 'அவர்' ஆகிறார். இதைத் தந்தையிடம் விளக்கியபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். "கட்டம் போடறப்ப ரெண்டு இழ தப்பிட்டா அப்படித்தான். நூலு நல்ல நூலாத்தான் இருக்கும். கட்டம் சேராது" என்றார்.

நாம் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. அகராதியைப் புரட்டினால் தீரா. வாக்கியத்தின் தொடக்கத்தில் ஓர் எண், முடிவில் வேறோர் எண். தொடக்கத்தில் ஒரு காலம், நடுவில் ஒரு காலம். தொடக்கத்தில் ஓர் ஆள், பிறகு வேறோர் ஆள். இதற்கு நம் தமிழிலக்கணத்தில் பழைய பெயரே உண்டு. வழு!

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கமே சொற்கள் ஒன்றோடொன்று வழுவாமல் சேர வேண்டிய முறையைத்தான் பேசுகிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பவணந்தி முனிவர் நன்னூலில் வழுவை ஏழாகப் பிரித்தார்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. 'கண்ணகி வந்தது' என்றால் திணை வழு. 'அவள் வந்தான்' என்றால் பால் வழு. 'நான் வந்தான்' என்றால் இட வழு. 'நாளை வந்தேன்' என்றால் கால வழு. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன இந்தப் பட்டியல், என் ஆங்கில வாக்கியத்துக்கு இவ்வளவு பொருத்தமாக வந்து உட்காரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என் விண்ணப்பத்தில் நேர்ந்தது சுத்தமான இட வழு.

சரி, தமிழில் 'நான் வந்தான்' என்று பேசாத நாம் ஆங்கிலத்தில் மட்டும் ஏன் அப்படி எழுதுகிறோம்? படிப்பு போதாது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது நிறைவளிக்கவில்லை. தமிழில் நான் எப்படி நினைத்தேன் என்று பார்த்தேன். "எனக்கு ரெண்டு தறி இருக்கிறது என்று அப்பா சொன்னார்." இதில் 'என்று' என்னும் சொல் ஒரு சுவர்போல் நிற்கிறது. சுவருக்கு முன்னால் பேசியவருடைய சொற்கள் பேசியபடியே இருக்கலாம். 'எனக்கு' என்றால் தந்தைக்கு என்று எல்லாரும் புரிந்துகொள்வார்கள். ஆங்கிலத்தின் 'தட்' அப்படிப்பட்ட சுவர் அன்று. 'தட்' வந்துவிட்டால் அதற்கப்பால் உள்ள எல்லா ஆட்களையும் எழுதுகிறவன் நிற்கும் இடத்திலிருந்தே அளக்க வேண்டும். நான் 'என்று' இருந்த இடத்தில் 'தட்' வைத்தேன். 'எனக்கு' இருந்த இடத்தில் 'ஐ' வைத்தேன். சொல்லுக்குச் சொல் சரி. தறி கைமாறிவிட்டது!

திருத்துவதற்கு வழி, எழுதத் தொடங்குமுன் இந்தக் கடிதத்தில் பேசுவது யார் என்று முடிவு செய்துகொள்வதுதான். நான் பேசினால் கடைசிவரை 'மை ஃபாதர் ஹேஸ்', 'ஹிஸ் லூம்ஸ்'. தந்தை பேசினால் கடைசிவரை 'ஐ ஹேவ்', 'மை லூம்ஸ்'. நடுவில் ஆள் மாறக் கூடாது.

அடுத்து, நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்களை அதிகம் வாட்டும் கால வழுவுக்கு வருகிறேன். இது என் ஆய்வக ரெக்கார்டிலிருந்து எடுத்தது. சிவப்பு மையில் அடிக்கோடிட்டுத் திரும்பி வந்த வாக்கியம்:

"ட்வென்டி எம்.எல். ஆஃப் தி சொல்யூஷன் வாஸ் பிப்பெட்டட் அவுட் அண்ட் ஐ ஆட் டூ டிராப்ஸ் ஆஃப் இண்டிகேட்டர் அண்ட் தி கலர் வில் பிகம் பிங்க்."

இறப்பு, நிகழ்வு, எதிர்வு மூன்றும் ஒரே வாக்கியத்தில்! முக்காலமும் உணர்ந்த முனிவர்தாம் இப்படி எழுத முடியும். போதாக்குறைக்கு முதல் பாதி செயப்பாட்டுவினை, நடுவே 'ஐ' என்று நான் நுழைந்துவிடுகிறேன். இதே சோதனையைத் தமிழில் எழுதிப் பார்ப்போம்.

"20 மி.லி. கரைசலைப் பிப்பெட்டில் எடுத்து, கூம்புக் குடுவையில் விட்டு, இரண்டு சொட்டு நிறங்காட்டி சேர்த்து, பியூரெட்டில் உள்ள அமிலத்தைக் கொண்டு தரம் பார்த்தேன்."

எடுத்து, விட்டு, சேர்த்து ஆகிய மூன்றும் வினையெச்சங்கள். இலக்கண ஆசிரியர்கள் இவற்றை இறந்தகால வினையெச்சம் என்பார்கள். ஆனால் அந்த இறப்பு, கடைசியில் வரும் வினைக்கு முந்தி நடந்தது என்று காட்டும் இறப்புதான். 'தரம் பார்த்தேன்' என்பதை எடுத்துவிட்டு 'பார்க்கிறேன்' என்றோ 'பார்ப்பேன்' என்றோ வைத்துப் பாருங்கள். முன்னால் இருக்கும் மூன்றில் ஓர் எழுத்துக்கூட மாறாது. வாக்கியம் முழுவதற்குமான காலத்தை ஒரே ஒரு சொல், வரிசையின் கடைசியில் நிற்கும் வினைமுற்று, சுமந்துகொள்கிறது. அத்தனை பேருக்கும் ஒருவரே சீட்டு எடுத்துவிடும் பேருந்துப் பயணம் போல.

ஆங்கிலத்தில் 'அண்ட்' போட்டு இவற்றைக் கோத்தால் அவரவர் சீட்டை அவரவரே எடுக்க வேண்டும். 'டுக்', 'போர்ட்', 'ஆடட்', 'டைட்ரேட்டட்' என்று நான்கும் இறந்த காலத்தில் நிற்க வேண்டும். நமக்கோ பிறந்ததுமுதல் ஒன்றுக்குக் காலம் கொடுத்தால் போதும் என்ற பழக்கம். ஆகவே முதல் வினைக்குக் கவனமாகக் காலம் போடுகிறோம். நடுவில் உள்ளவற்றை மொட்டையாக விட்டுவிடுகிறோம். இறுதியில் ஏதோ நினைவு வந்து வேறொரு காலத்தைப் போடுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். செய்முறை நூலில் எல்லாம் கட்டளையாக இருக்கும்: 'டேக் ட்வென்டி எம்.எல்.', 'ஆட் டூ டிராப்ஸ்'. அதிலிருந்து பாதியைப் பார்த்து எழுதுகிறோம், மீதியைச் சொந்தமாக எழுதுகிறோம். ஒட்டுப் போட்ட இடத்தில் தையல் தெரியத்தானே செய்யும்?

இதற்கு நான் கைக்கொண்ட முறை எளியது. பென்சிலை எடுத்து, வாக்கியத்தில் உள்ள வினைமுற்றுகளை மட்டும் வட்டமிடுவேன். ஒவ்வொன்றையும் பார்த்து, "இது எப்போது நடந்தது?" என்று கேட்பேன். நான் ஆய்வகத்தில் செய்தவையெல்லாம் நடந்து முடிந்தவை. அவை ஒரே காலத்தில் இருக்க வேண்டும். ரெக்கார்டுக்கு வழக்கமான செயப்பாட்டுவினையைத் தேர்ந்தெடுத்தால் முடிவுவரை அதையே பின்பற்ற வேண்டும்: 'வாஸ் பிப்பெட்டட் அவுட்', 'வேர் ஆடட்', 'வாஸ் டைட்ரேட்டட்'.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் ஒரே காலமாக்கிவிடுவதுதான் திருத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. நான் அப்படி எண்ணி, ஒரு முறை ரெக்கார்டில் இருந்த 'இஸ்' எல்லாவற்றையும் பிடித்து 'வாஸ்' ஆக்கினேன். 'வாட்டர் வாஸ் எ காம்பவுண்ட்' என்றும் ஆகிவிட்டது. ஆய்வக ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "அப்படியா? இப்போது தண்ணீர் என்னவாக இருக்கிறது?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி ஒரு பாடமாயிற்று. நான் செய்தது இறந்த காலம். பொருளின் இயல்பு என்றும் உள்ளது, அதற்கு நிகழ்காலம். "தி சொல்யூஷன் டர்ன்ட் கலர்லெஸ், பிகாஸ் பீனால்ஃப்தலீன் இஸ் கலர்லெஸ் இன் ஆசிட்." இதில் இரண்டு காலம் இருக்கிறது, வழு இல்லை. காலம் மாறியதற்குக் காரணம் பொருளிலேயே இருக்கிறது.

இனி எண். மேலே என் தந்தையின் பேச்சாக ஒரு வரி எழுதினேன்: 'ரெண்டு தறி இருக்கிறது.' படித்தவர்களில் எத்தனை பேர் அதில் நின்றீர்கள்? தறி இரண்டு, பெயரில் 'கள்' இல்லை, வினை 'இருக்கிறது' என்று ஒருமையில் முடிகிறது. நம் காதுக்கு அது உறுத்தவே இல்லை. அஃறிணைப் பெயர் 'கள்' ஏற்காமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் என்பதும், வினையைக் கொண்டே எண் அறிய வேண்டும் என்பதும் பழைய இலக்கணம். 'மாடு வந்தது' என்றால் ஒன்று, 'மாடு வந்தன' என்றால் பல. ஆனால் பேச்சில் 'வந்தன' எங்கே இருக்கிறது? 'மாடுங்க வந்துச்சு' என்றுதான் சொல்லுகிறோம். மனிதரைச் சொல்லும்போது மட்டும் 'பசங்க வந்தாங்க' என்று பன்மையைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

இதைக் கவனித்தபின் என் ரெக்கார்டில் சிவப்பு மை பட்ட இடங்களை எடுத்துப் பார்த்தேன். 'ரீடிங்ஸ் இஸ்', 'கிரிஸ்டல்ஸ் வாஸ்', 'டெஸ்ட்ஸ் ஷோஸ்'. பெரும்பாலும் அஃறிணை! 'ஸ்டூடன்ட்ஸ் இஸ்' என்று ஓரிடத்திலும் நான் எழுதியிருக்கவில்லை. நம் நாக்கு எங்கே ஒருமை பன்மை வேறுபாட்டை விட்டுவிட்டதோ, சரியாக அங்கேதான் பேனாவும் வழுக்குகிறது.

போதாததற்கு ஆங்கிலத்தின் 'எஸ்' செய்யும் குழப்பம் வேறு. பெயரோடு சேர்ந்தால் பன்மை, நிகழ்கால வினையோடு சேர்ந்தால் ஒருமை. 'தி கிரிஸ்டல் டிசால்வ்ஸ்', 'தி கிரிஸ்டல்ஸ் டிசால்வ்'. பன்மைக்கு 'எஸ்' என்று கற்றவன் இரண்டிலும் அதைப் போட்டு 'தி கிரிஸ்டல்ஸ் டிசால்வ்ஸ்' என்று எழுதுவது அவனளவில் நேர்மையான தர்க்கமே. இருப்பது ஒரே 'எஸ்'தான், பெயர் எடுத்துக்கொண்டால் வினைக்கு இல்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 'சில்ட்ரன்' போன்ற சொற்களிடம் இந்தச் சூத்திரம் பலிக்காது; என்றாலும் ரெக்கார்டு எழுத இது போதும்.

இவை எல்லாவற்றையும்விட வஞ்சகமானது ஒன்று உண்டு. 'தி கலர் ஆஃப் தி கிரிஸ்டல்ஸ் ஆர் ப்ளூ.' தமிழில் 'படிகங்களின் நிறம் நீலம்' என்கிறோம். எழுவாயாகிய 'நிறம்' வாக்கியத்தின் முடிவை ஒட்டியே நிற்கிறது. அதைச் சார்ந்த 'படிகங்களின்' முன்னால் ஒதுங்கிவிடுகிறது. ஆங்கிலத்தின் 'ஆஃப்' இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. 'கலர்' தொலைவில் போய்விடுகிறது. வினைக்கு அருகில் வந்து நிற்பது 'கிரிஸ்டல்ஸ்' என்னும் அந்நியப் பன்மை. வினை, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிடுகிறது!

இதுவும் தமிழர்களின் பிழை என்று முதலில் முடிவு கட்டியிருந்தேன். அப்படியன்று என்று பிறகு அறிந்தேன். 1991-இல் காத்ரின் பாக், கரோல் மில்லர் என்னும் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் மாணவர்களிடம் வாக்கியத்தின் தொடக்கத்தைக் கொடுத்து முடிக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு அது. சாவி ஒன்று, அலமாரிகள் பல என்பது போன்ற தொடக்கம் வந்தபோது, அலமாரிகளின் பன்மையில் மயங்கி அவர்களும் இடையிடையே பன்மை வினையைப் போட்டுவிட்டார்களாம். ஆங்கிலம் பேசியே வளர்ந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட நமக்குக் கேட்க வேண்டுமா? இதற்கு மருந்து, 'ஆஃப்' முதல் வினைக்கு முன்புவரை விரலால் மறைத்துக்கொண்டு படிப்பதே. 'தி கலர் ஆர்' என்று படிக்கும்போது பிழை தானே எழுந்து நிற்கும். நான் இன்றும் விரலால் மறைத்தே படிக்கிறேன், வெட்கமில்லை.

நம் ஊரில் இன்னொரு வசதி உண்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் திருத்தணி. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே அடுப்படியில் புழங்குகின்றன. என் பக்கத்து இருக்கை நண்பனின் வீட்டு மொழி தெலுங்கு. தெலுங்கில் ஆண் வந்தால் 'வச்சாடு'. பெண் வந்தாலும் 'வச்சிந்தி', மாடு வந்தாலும் 'வச்சிந்தி'. ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினைமுடிவு. பன்மையில் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து 'வச்சாரு' என்றாகிவிடுகிறார்கள். அவனைக் கேலி செய்யலாம் என்று ஒரு நாள் தொடங்கினேன். "உங்க தமிழ்ல மாடு எத்தினி வந்தாலும் 'வந்துச்சு'தானே, அத மொதல்ல சொல்லு" என்று வாயை அடைத்துவிட்டான். ஆங்கிலமோ வினையில் ஆண் பெண் வேறுபாட்டையே காட்டுவதில்லை. எவை எவை ஒத்துப்போக வேண்டும் என்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் வகுத்துக்கொள்கிறது என்பது நன்றாகப் புரிந்தது. அப்படியிருக்க, ஒரு மொழியின் வரம்பில் வளர்ந்தவன் மற்றொன்றில் கால் வைக்கும்போது இடறுவதை அறிவுக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

மொழியியலாரும் ஏறத்தாழ இதையே சொல்லியிருக்கிறார்கள். பிட் கார்டர் என்னும் அறிஞர் 1967-இல் எழுதிய கட்டுரையில், கற்பவர் செய்யும் பிழைகள் வெறும் குப்பை அல்ல, அவர் மனத்தில் எந்த விதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கான தடயங்கள் என்று விளக்கினார். களைப்பாலோ மறதியாலோ நேரும் தவறு வேறு, விதியையே தவறாகக் கொண்டதால் திரும்பத் திரும்ப வரும் பிழை வேறு என்று பிரித்தும் காட்டினார். முதல் வகையை நாமே திரும்பப் படித்தால் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது நம் கண்ணுக்குத் தெரியாது. யாராவது காட்ட வேண்டும். காட்டுகிறவர் சிரித்துவிட்டால் அடுத்த முறை மாணவன் தாளை நீட்டமாட்டான். முதலாண்டில் ஆங்கில வகுப்பில் நாங்கள் பலர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததற்கு இதுதான் காரணம். 1888-இல் இதே திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து, 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணனும் ஆங்கிலத்தை வீட்டில் கேட்டு வளர்ந்தவர் அல்லர், பள்ளியில் கற்றவரே.

அடுக்கிச் சொல்லும்போது நேரும் பிழையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் எங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னபோது நான் கூறியது: 'மை ஹாபீஸ் ஆர் ரீடிங், டு பிளே கபடி அண்ட் சினிமா.' மூன்றும் மூன்று வடிவம். தமிழில் 'படிப்பதும், கபடி ஆடுவதும், சினிமா பார்ப்பதும்' என்று வரிசை குலையாமல் வரும். நம் எண்ணும்மை ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொள்வதால், ஒரே மாதிரி வால் உள்ளவற்றையே சேர்த்துக் கட்டுகிறோம். ஆங்கில 'அண்ட்' யாருடைய வாலையும் பிடிப்பதில்லை. எதையும் எதோடும் சேர்த்துவிடும். ஆகவே 'உம்' போட்டு மனத்துக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் வரிசை தானே அமையும்: 'ரீடிங், பிளேயிங் கபடி அண்ட் வாட்சிங் சினிமா.'

வழுவைச் சொன்ன நம் இலக்கணம் வழுவமைதியையும் சொல்லியிருக்கிறது. அதுதான் என்னை வியக்கவைத்தது. சாப்பிடக் கூப்பிட்டால், எழுந்திருக்காமலே 'இதோ வந்துட்டேன்' என்கிறோம். வரவில்லை, இனிமேல்தான் வருவோம். இறந்த காலம் தவறு. ஆனால் விரைவு காரணமாக இப்படிச் சொல்வதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. பசுவை அன்பால் 'எங்கம்மா வந்துட்டா' என்று சொல்வதும் அப்படியே. உவப்பினால் வந்த திணை மயக்கத்துக்கு மன்னிப்பு உண்டு.

ஆங்கிலத்திலும் இத்தகைய அமைதிகள் பல. ஒருவரைப் பார்த்துப் பேசும்போதும் 'யூ ஆர்'தான். முன்பு பன்மைக்கும் மரியாதைக்கும் உரியதாக இருந்த 'யூ', நம் 'நீங்கள்' போல ஒருவரையும் குறிக்கத் தொடங்கி, கடைசியில் 'நீ'யையே விரட்டிவிட்டது. 'தி போலீஸ் ஆர்' என்பார்கள். 'எஸ்' இல்லாவிட்டாலும் பன்மை. 'டென் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் டிஸ்டன்ஸ்' என்பார்கள். பத்தும் சேர்ந்து ஒரே தொலைவு. அதனால்தான் '20 மி.லி. வாஸ்' என்று ரெக்கார்டில் வருவதும் சரி. அதை 'வேர்' என்று திருத்திக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைக் குறிக்க 'தே' என்னும் பன்மையைப் பயன்படுத்தும் வழக்கம் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக உள்ளது. பால் வேறுபாட்டுக்குள் அடங்காதவர்களைக் குறிக்கவும் அது பரவியதை ஒட்டி, மெரியம் வெப்ஸ்டர் அகராதியார் 2019-ஆம் ஆண்டின் சொல்லாகத் 'தே'யைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் 'அவர்' செய்யும் வேலையை அவர்கள் 'தே'யிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

'டேட்டா' என்ற சொல்லுக்கு 'இஸ்' போடுவதா 'ஆர்' போடுவதா என்று ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறோம். அது 'டேட்டம்' என்னும் இலத்தீன் ஒருமையின் பன்மை. எனவே 'ஆர்' என்பார் உண்டு. இன்று 'இஸ்' என்பதும் பரவலாக ஏற்கப்படுகிறது. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் முதல் பக்கத்தில் 'ஆர்' என்று எழுதிவிட்டு மூன்றாம் பக்கத்தில் 'இஸ்' என்று எழுதாதீர்கள். வாதாட்டத்தில் இதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இப்போது வேடிக்கையாக இருக்கிறது.

விண்ணப்பத்தின் கதை பாதியில் நிற்கிறது. இரண்டாம் முறை எழுதும்போது தந்தையே பேசுவதாக வைத்துக்கொண்டேன். 'ஐ', 'மை' என்பவற்றைத் தவிர வேறு ஆள் உள்ளே வராதபடி காவல் காத்தேன். வினைமுற்றுகளை வட்டமிட்டுப் பார்த்தேன். முடித்ததும் தந்தை ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லி, தமிழில் பொருள் கேட்டுக்கொண்டார். முன்பு அப்படிக் கேட்டதில்லை. "இப்ப தறி யாருது?" என்றார். "உங்களுதுதான் நைனா" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

வங்கியில் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் கடன் கைக்கு வரச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் வெளியே வட்டிக்கு வாங்கி மோட்டாரைச் சரிசெய்து தறியை ஓட்டத் தொடங்கியிருந்தார். வந்த கடனில் ஒரு பகுதி அந்த வட்டிக் கடனை அடைக்கப் போயிற்று.

அந்த இரண்டாம் விண்ணப்பத்தின் நகல் என் ரெக்கார்டு நோட்டுக்குள் இருந்தது. இந்தக் கட்டுரை எழுதுவதற்காக அதை எடுத்துப் பிரித்தேன். ஆள் மாறவில்லை, காலம் மாறவில்லை. மூன்றாம் பத்தியில் மட்டும், என் கையெழுத்தில், தெளிவாக இருந்தது: "தி காஸ்ட் ஆஃப் தி ஸ்பேர் பார்ட்ஸ் ஆர் வெரி ஹை." மேலாளர் கவனிக்கவில்லையோ, கவனித்தும் விட்டுவிட்டாரோ, பணத்தைக் கொடுத்துவிட்டார்.